கடைசி நேர அறை மாற்றமும் பழைய அறை வாசலில் நிற்கும் மாணவர்களும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் வகுப்பறை கடைசி நேரத்தில் மாறுவது அரிதான நிகழ்வு அன்று. நவம்பர் மழையில் மேல்தளம் ஒழுகுகிறது. புரொஜெக்டர் வேலை செய்வதில்லை. திடீரென்று வந்த விருந்தினர் உரைக்காகக் கருத்தரங்கக் கூடம் கேட்கப்படுகிறது. மின்தடையால் கணினி ஆய்வகம் பயன்படாமல் போகிறது. துறையில் கால அட்டவணையைக் கவனிக்கும் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை இட்டுவிட்டு, எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று வகுப்புக்குப் புறப்படுகிறார். புதிய அறையில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கின்றன. மீதிப் பேர் பழைய அறையின் வாசலில் நிற்கிறார்கள். அந்த நிலையில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கான வழிமுறை இது.

தேர்தல் போன்ற காரணங்களால் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றங்களை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது சென்னையின் 3 தொகுதிகளுக்கும் இராணி மேரிக் கல்லூரி, லயோலா கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை வாக்கு எண்ணும் மையங்களாக இருந்தன. ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்த பிறகு ஜூன் 4 வரை வாக்குப்பதிவு இயந்திரங்கள் அந்த வளாகங்களில் காவலில் இருந்தன. அத்தகைய மாற்றத்துக்குத் திருத்திய கால அட்டவணையே வேண்டும்; தனித்தனிச் செய்திகளால் அதைச் சமாளிக்க இயலாது. இங்கே பேசப்படுவது, வகுப்புக்கு முந்தைய மாலையிலோ, அன்று காலையிலோ, முந்தைய பாடவேளையிலோ தெரியவரும் மாற்றத்தைப் பற்றி மட்டுமே.

எதையும் திருத்துவதற்கு முன்: பழைய அறையின் வாசலைப் பாருங்கள்

செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதைத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு கணிக்க முடியாது. ஒரு மாற்றம் நடக்கும்போது, வகுப்பு தொடங்கி முதல் பத்து நிமிடம் பழைய அறையின் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் வருபவர்களைப் புதிய அறைக்கு அனுப்புவதோடு, ஒவ்வொருவரும் எந்தத் துறை, எந்தப் பிரிவு, செய்தி வந்ததா, வந்திருந்தால் எப்போது பார்த்தார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வந்து நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத சிலரா, ஒரே துறையைச் சேர்ந்த கூட்டமா, ஏறத்தாழ வகுப்பு முழுவதுமா என்பதைப் பார்த்தாலே பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தக் குறிப்பு இல்லாமல் 'இன்னொரு குழு தொடங்கலாம்', 'புதிதாக ஒரு செயலி வாங்கலாம்' என்று முடிவெடுப்பதால் செலவும் குழப்பமும் கூடுமே தவிர, வாசலில் நிற்பவர்களின் எண்ணிக்கை குறையாது.

அறிகுறி: ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத நான்கைந்து பேர் மட்டும் பழைய அறைக்கு வருகிறார்கள்

இது பெயர்ப் பட்டியல் கோளாறு. கலந்தாய்வின் பிற்பட்ட சுற்றுகளில் சேர்ந்தவர்கள், பிரிவு மாறி வந்தவர்கள், கைபேசி எண்ணை மாற்றியவர்கள் ஆகியோரே பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள். வருகைப் பதிவேட்டையும் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. பருவத்தின் முதல் வாரத்திலும் சேர்க்கை முடிந்த மறுநாளிலும் இதைச் செய்துவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் இந்த அறிகுறி அநேகமாகத் தலைகாட்டாது.

குழுவுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுப்புபவரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. ஆசிரியரின் எண்ணை மாணவர் சேமிக்கவில்லை என்றால் செய்தி அவரை அடையாது, அது அடையாத விவரமும் அவருக்குத் தெரியாது.

எல்லோரும் குழுவில் இருந்தும் சிலர் வரவில்லை என்றால், அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்து பாருங்கள். யாருக்குச் சென்றது, யார் படித்தார்கள் என்ற இரண்டு பட்டியல்கள் அங்கே இருக்கும். நீலக்குறியை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுச் செய்திகளைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலில் தெரிவார்கள். சென்றும் படிக்காதவர்கள் குழுவை ஒலியடக்கி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். நாள் முழுவதும் பிறந்தநாள் வாழ்த்தும் மீம்களும் வந்து விழும் குழுவை ஒலியடக்குவதற்காக மாணவரைக் குறை சொல்வது நியாயம் அன்று. நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழு ஒன்றை அறிவிப்புக்கென்றே வைத்துக்கொண்டு, அதில் வாழ்த்து உட்பட வேறு எதையும் இடாதிருப்பதே இதற்கு மருந்து.

அறிகுறி: ஒரு துறையைச் சேர்ந்தவர்கள் மொத்தமாகப் பழைய அறையில் இருக்கிறார்கள், மற்றவர்கள் சரியாக வந்துவிட்டார்கள்

நமது கல்லூரிகளில் மிகுதியாகக் காணப்படுவதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இந்த அறிகுறியே என்பது என் கருத்து. இளநிலைப் படிப்பில் பகுதி ஒன்று மொழிப்பாடத்துக்கும், பகுதி நான்கில் மாணவர் தம் துறைக்கு வெளியே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடத்துக்கும், சில கல்லூரிகளில் துணைப் பாடத்துக்கும், பல துறைகளின் மாணவர்கள் ஒரே அறையில் வந்து அமர்கிறார்கள். வரலாற்றுத் துறை நடத்தும் விருப்பப் பாடத்தில் இயற்பியல், வணிகவியல், கணினி அறிவியல் மாணவர்கள் இருப்பார்கள். அறை மாறும்போது வரலாற்றுத் துறை தன் குழுவில் செய்தியை இடுகிறது; அந்தக் குழுவில் வரலாற்று மாணவர்கள் மட்டுமே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூட அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. பாடத்துக்கு உரியவர்களோ வேறு மூன்று துறைகளின் குழுக்களில் இருக்கிறார்கள். அவற்றில் இரண்டின் வகுப்புப் பிரதிநிதிகளுக்கு யாரோ ஒருவர் செய்தியை முன்னனுப்புகிறார் (ஃபார்வர்டு செய்கிறார்). மூன்றாவது துறை விடுபட்டுப் போகிறது.

இங்கே தவறு எந்த ஒரு மனிதரிடமும் இல்லை. குழுக்கள் துறை வாரியாகவும் வகுப்பு பாட வாரியாகவும் அமைந்திருப்பதே காரணம். ஆகவே பல துறையினர் கலந்து அமரும் ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக் குறியீட்டையே பெயராகக் கொண்ட தனிக் குழுவைப் பருவத் தொடக்கத்தில் உருவாக்க வேண்டும். அதன் நிர்வாகியாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் இருக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு மாணவர் பொறுப்பாளராக இருப்பது நல்லது. விருப்பப் பாடத்துக்குப் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே கைபேசி எண்ணுக்கும் ஓர் இடம் ஒதுக்கினால், குழு அமைக்கும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். மாணவியர் தம் எண் குழுவில் எல்லோருக்கும் தெரிவதை விரும்பாமல் இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு என்பதால், அத்தகையோருக்குக் கூகுள் கிளாஸ்ரூம் போன்ற எண் வெளிப்படாத வழி ஒன்றையும் திறந்து வைக்க வேண்டும்.

தனிக் குழு இன்னும் அமையவில்லை, மாற்றமோ இன்றே நடக்கிறது என்றால், அந்தப் பாடத்தில் எந்தெந்தத் துறைகளிலிருந்து மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பெயர்ப் பட்டியலிலிருந்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு துறையின் பிரதிநிதிக்கும் தொலைபேசியில் பேசி, 'குழுவில் போட்டுவிட்டேன்' என்ற பதில் வந்த துறையை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். முன்னனுப்பிய செய்தி போதும் என்று விட்டுவிட்டால், விடுபட்ட துறை எது என்பது வகுப்பு தொடங்கிய பிறகே தெரியும்.

அறிகுறி: செய்தியை எல்லோரும் படித்திருக்கிறார்கள், ஆனாலும் தவறான இடத்துக்கோ தவறான நேரத்துக்கோ போகிறார்கள்

இது வாசகத்தின் கோளாறு. பின்வரும் செய்தியைப் பாருங்கள்:

"மாணவர்கள் கவனத்திற்கு: நாளை மூன்றாம் வகுப்பு 214-ஆம் அறைக்கு மாற்றப்பட்டுள்ளது. அனைவரும் தவறாமல் வரவும்."

படிக்கும்போது முழுமையானதாகத் தோன்றும் இந்த வாசகத்தில் பல ஓட்டைகள் இருக்கின்றன. இரவு 11.50-க்கு அனுப்பியதை 12.10-க்குப் படிப்பவருக்கு 'நாளை' வேறொரு நாளாகிவிடுகிறது. 'மூன்றாம் வகுப்பு' மூன்றாம் பாடவேளையா, மூன்றாம் ஆண்டு வகுப்பா என்பது தெளிவாக இல்லை. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்று இரு வேளையாக இயங்கும் கல்லூரியில் மூன்றாம் பாடவேளை காலையிலும் உண்டு, பிற்பகலிலும் உண்டு. பழைய கட்டடத்திலும் புதிய கட்டடத்திலும் 214 என்ற எண் இருக்கலாம். இந்த ஒரு நாளைக்கு மட்டுமா, இனி எப்போதுமா என்பதும் சொல்லப்படவில்லை.

டே ஆர்டர் முறை இருக்கும் கல்லூரிகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அங்கே கால அட்டவணை கிழமையைப் பின்பற்றாமல் 1 முதல் 6 வரையிலான நாள் வரிசையைப் பின்பற்றுகிறது. இடையில் மழை விடுமுறை வந்தால் விட்ட வரிசையிலிருந்தே மறுபடி தொடர்கிறது. திங்கட்கிழமை என்று மட்டும் எழுதினால், அது எந்த டே ஆர்டர் என்ற கேள்வி மாணவரிடம் எழுகிறது. டே ஆர்டர் 4 என்று மட்டும் எழுதினால், மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த மறுகணமே அந்தச் செய்தி எந்தத் தேதியைக் குறிக்கிறது என்பது ஐயமாகிவிடுகிறது. ஆகவே தேதி, கிழமை, டே ஆர்டர் மூன்றையும் எழுத வேண்டும்; சுருக்கத்துக்காக எதையும் விடக் கூடாது.

அதே செய்தியைப் பின்வருமாறு எழுதலாம்:

"புதிய அறை: சயின்ஸ் பிளாக், இரண்டாம் மாடி, 214 (நூலகத்துக்கு நேர் மேலே). பாடம்: இரண்டாம் ஆண்டு பி.காம்., வணிகச் சட்டம், முதல் ஷிப்ட். நேரம்: நவம்பர் 18, செவ்வாய், டே ஆர்டர் 4, மூன்றாம் பாடவேளை, காலை 10.30. பழைய அறை: மெயின் பிளாக் 14. இந்த ஒரு நாளைக்கு மட்டும். அனுப்பியது: நவம்பர் 17, மாலை 6.15, துறை அலுவலகம்."

புதிய அறை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. கைபேசியின் பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். 'மாணவர்கள் கவனத்திற்கு' என்பது அந்த இடத்தை வீணாக அடைத்துக்கொள்கிறது. பழைய அறையையும் குறிப்பிடுவதால், இது தன் வகுப்பைப் பற்றியதுதான் என்று மாணவர் உறுதி செய்துகொள்ள முடிகிறது. சுவரில் வண்ணம் பூசியபோது அறை எண்களை மாற்றிய கட்டடமாக இருந்தால் இரண்டு எண்களையும் எழுதுவதோடு, முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: செய்தி சரியாக இருக்கிறது, சரியான குழுவில் இருக்கிறது, ஆனால் மாணவர்கள் மதிய உணவு இடைவேளையில்தான் பார்க்கிறார்கள்

வளாகத்துக்குள் கைபேசியைப் பயன்படுத்தத் தடை இருக்கும் கல்லூரிகள் பல. தடை இல்லாத இடத்திலும் முந்தைய பாடவேளையில் கைபேசி பைக்குள்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அடுத்த வகுப்பு தொடங்க அரை மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது வாட்ஸ்அப்பை நம்புவது, கைபேசியைப் பார்க்காதே என்று நாமே சொல்லிவிட்டு, ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

அந்த நேரத்தில் அந்த மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கால அட்டவணையிலேயே இருக்கிறது. முந்தைய பாடவேளை நடக்கும் அறைக்கு அலுவலக உதவியாளர் வழியாகச் சுற்றறிக்கைக் குறிப்பேட்டை அனுப்பி, அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரைக் கொண்டு வாசிக்கச் செய்து, கையொப்பம் வாங்கிவர வேண்டும். பல்லாண்டுகளாக இருந்துவரும் இந்த வழக்கத்தைப் பழமை என்று கைவிட்ட துறைகள் அதை மீட்டெடுப்பது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். சிக்னலும் டேட்டாவும் பேட்டரியும் இல்லாத நேரத்திலும் இது வேலை செய்கிறது. யாருக்குச் சொல்லப்பட்டது என்பதற்குக் கையொப்பமும் நேரமும் சான்றாக நிற்கின்றன. பாடம் நடக்கும்போது உதவியாளர் உள்ளே வருவதை விரும்பாத ஆசிரியர்களும் உண்டு. முன்பே பேசி வைத்துக்கொண்டால் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் அனுப்பலாம்.

அதோடு பழைய அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். வேறு எல்லா வழிகளும் கைவிட்ட மாணவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுவே. ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து, தடித்த மார்க்கரால், புதிய அறையை நான்கு விரல் உயரத்தில் எழுதுங்கள்; அதன் கீழே பாடம், தேதி, நேரம், ஒட்டியவரின் பெயர். கதவு உட்புறமாகத் திறக்குமானால், முதலில் வருபவர் தள்ளியவுடன் தாள் உள்ளே போய்விடும், பின்னால் வருபவர் கண்ணில் படாது. அத்தகைய அறைக்குக் கதவை அடுத்த சுவரில் கண் மட்டத்தில் ஒட்ட வேண்டும். முதல் மாடியிலுள்ள அறை என்றால் படிக்கட்டின் அடியிலும் ஒரு தாள் ஒட்டினால், ஏறி இறங்கும் நேரம் மிச்சமாகும்.

அறிகுறி: இரண்டு செய்திகள் உலவுகின்றன, எது சரி என்று யாருக்கும் தெரியவில்லை

ஆசிரியர் ஒரு அறையைச் சொல்கிறார். அது பூட்டியிருப்பது தெரிந்து அலுவலகம் வேறொன்றைச் சொல்கிறது. இடையில் வகுப்புப் பிரதிநிதி முதலாவதை மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்பது இங்கே தீங்காகவே முடிகிறது. மூலச் செய்தி திருந்தும், முன்னனுப்பிய படிகள் திருந்தா. ஒரே செய்தியின் இரண்டு வடிவங்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஆகவே அறை மாற்றச் செய்தியைத் திருத்தாதீர்கள். புதிய செய்தியை அனுப்பி, அதன் முதல் வரியிலேயே 'காலை 9.10-க்கு அனுப்பியது ரத்து. இதுவே சரியானது' என்று எழுதி, அதைக் குழுவின் மேலே 'பின்' (pin) செய்துவிடுங்கள். பழையதை நீக்க வேண்டுமானால் அதற்குப் பிறகு நீக்கலாம்.

இது அடிக்கடி நடக்கும் துறையில், அறை மாற்றத்தை அறிவிக்கும் உரிமை ஒருவரிடமும் அவர் இல்லாதபோது இன்னொருவரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். பிரதிநிதி தானாக வாசகம் எழுதாமல், அவர்களிடமிருந்து வருவதை அப்படியே முன்னனுப்ப வேண்டும். பத்தொன்பது வயது மாணவரிடம் எல்லாப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டு, பிழை நேரும்போது அவரையே கேள்வி கேட்பது முறையாகாது.

அறிகுறி: மாணவர்கள் புதிய அறைக்குச் சரியாக வந்தார்கள், அங்கே வேறு வகுப்பு நடக்கிறது, அல்லது அறை பூட்டியிருக்கிறது

இது செய்தியின் பிழை அன்று. அறை ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் எழுதிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்ட பின்னரே செய்தியை அனுப்ப வேண்டும். அறுபது பேரை நாற்பது பேர் மட்டுமே உட்காரக்கூடிய அறைக்கு அனுப்பிவிட்டு மறுபடி மாற்றினால், மேலே சொன்ன இரண்டு செய்திச் சிக்கலை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

அறிகுறி: குறுஞ்செய்தி துண்டு துண்டாக வருகிறது, அல்லது வரவே இல்லை

இணையம் இல்லாத கைபேசி வைத்திருப்பவர்களுக்காகச் சில கல்லூரிகள் எஸ்.எம்.எஸ். அனுப்புகின்றன. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழில் எழுதினால் 70 மட்டுமே. தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் 'அறை' என்ற சொல்லுக்கே 3 செலவாகிறது. "அறை மாற்றம்: 3-ஆம் பாடவேளை, புதிய அறை 214, சயின்ஸ் பிளாக்." என்பது ஒரு செய்திக்குள் அடங்கும், அதற்கு மேல் விளக்கம் சேர்த்தால் பகுதிகளாகப் பிரியும்.

வரவே இல்லை என்றால் வாசகத்தைப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிமுறைகளின்படி, நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகம் டி.எல்.டி. எனப்படும், தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் முன்னதாகவே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாதது வழியிலேயே தடுக்கப்படும். காலையில் அவசரமாக எழுதிய புதிய வாக்கியம் போகாததற்கு இதுவே காரணம். அறை எண், பாடவேளை, தேதி ஆகியவற்றுக்கு இடம் விட்ட ஒரு வாசகத்தைப் பருவத் தொடக்கத்திலேயே பதிந்து வைக்கும்படி அலுவலகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குச் செய்தி எட்டவில்லை, அல்லது சக்கர நாற்காலியில் வரும் மாணவரால் புதிய அறைக்குப் போக முடியவில்லை

கையால் எழுதிய அறிவிப்பைப் படம் எடுத்துக் குழுவில் இடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற வசதியை நம்பியிருக்கும் மாணவருக்கு அந்தப் படம் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. படத்தோடு அதே செய்தியைத் தட்டச்சு செய்தும் இடுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். கதவில் ஒட்டிய தாளும் அவருக்குப் பயன்படாது. ஆகவே அவருக்குத் தொலைபேசியில் சொல்வதையும், பழகாத கட்டடம் என்றால் உடன் ஒருவரை அனுப்புவதையும் துறை தன் கடமையாகக் கொள்ள வேண்டும்.

நடக்க இயலாத மாணவர் இருக்கும் வகுப்பை லிப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்கு மாற்றினால், எவ்வளவு தெளிவாக அறிவித்தாலும் அது அவரை வெளியே நிறுத்துவதாகவே முடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்களின் கட்டடங்களும் வசதிகளும் அவர்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. அத்தகைய வகுப்புகளுக்கு மாற்று அறையாகக் கொள்ளத்தக்க தரைத்தள அறைகளைப் பருவத் தொடக்கத்திலேயே குறித்து, கால அட்டவணையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால், அவசரத்தில் இது மறந்துபோகாது.

அறிகுறி: மாற்றம் முடிந்துவிட்டது, ஆனால் மறுநாளும் சிலர் புதிய அறைக்கே போகிறார்கள்

பின் செய்த செய்தி இன்னும் குழுவின் மேலே இருக்கிறது, அல்லது தாள் இன்னும் கதவில் இருக்கிறது. பின் செய்யும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும் இடத்தில் ஒரு நாள் மாற்றத்துக்கு 24 மணி நேரத்தையே தேர்ந்தெடுங்கள். தாளை ஒட்டியவரே வகுப்பு முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். பெயர் எழுதச் சொன்னது இதற்காகவும்தான். ஒரே பாடத்துக்கு ஒரே காரணத்தால் மூன்றாம் முறையும் மாற்றம் வந்தால், கால அட்டவணையையே திருத்திப் புதிய அறையை நிரந்தரமாக்கிவிடுவது நல்லது.

அறிகுறி: வருகைப் பதிவில் தகராறு வருகிறது

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மாணவர் காரணம் காட்டி விலக்குக் கேட்க வேண்டியிருக்கும். அறை மாறிய நாளில் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தவரை வராதவராகக் குறிப்பது, துறையின் பிழைக்கு மாணவரைத் தண்டிப்பதாகும். அன்று வருகையைத் தொடக்கத்தில் எடுக்காமல் பாடவேளையின் இறுதியில் எடுங்கள். பழைய அறை வாசலில் நின்றவர் குறித்துக்கொண்ட பெயர்களை அதனோடு ஒப்பிட்டு, வாசல் வரை வந்தும் புதிய அறைக்கு வந்து சேராதவர்களை மறுநாள் அழைத்துக் காரணம் கேட்டபின் பதிவேட்டில் இறுதி செய்யுங்கள். மாற்றம் அறிவிக்கப்பட்ட நேரத்தையும் வழியையும் அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்தால், பருவ இறுதியில் வருகைக் குறைவுப் பட்டியல் வெளியாகும்போது யாருடைய நினைவையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.